கோப்புறைப் பட்டியல்: காட்டுவதா, மறைப்பதா?

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை. ஆய்வக வகுப்பு முடிந்து மாணவர்கள் கலைந்து கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்து நின்றான்.

"சார், ஒன்று சொல்லலாமா? கோபித்துக் கொள்ள மாட்டீர்களே?"

"சொல்லப்பா" என்றேன்.

எங்கள் துறைக்கெனச் சிறிய வலைத்தளம் ஒன்று உண்டு. செய்முறைக் கையேடுகளை அதில் போட்டு வைத்திருக்கிறோம். அவன் தன் கைப்பேசியில் ஊசல் சோதனைக்கான கையேட்டைத் திறந்திருக்கிறான். முகவரி நீளமாக இருந்தது. அதன் கடைசியில் இருந்த கோப்பின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, மீதியைத் தட்டினால் என்ன வரும் என்று பார்க்கும் ஆவல் அவனுக்கு எழுந்தது. தட்டினான். வெள்ளைத் திரையில், எவ்வித அலங்காரமும் இன்றி, அந்தக் கோப்புறையில் இருந்த அனைத்தின் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. கையேடுகள், படங்கள், பழைய வினாத்தாள்கள். அவற்றின் நடுவே முந்தைய பருவத்தின் அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியல். அதில் மாணவர் பெயர், பதிவெண், மதிப்பெண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன.

"நான் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை சார். கடைசிச் சொல்லை அழித்தேன், அவ்வளவுதான்" என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. அவன் கேட்டான், கணிப்பொறி கொடுத்தது. அந்தக் கணிப்பொறியைப் பராமரிப்பவன் நான். ஆகவே தவறும் என்னுடையதே. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, அதைத் திருத்தப் போய் நான் மேலும் இரண்டு இடங்களில் எப்படிச் சறுக்கினேன் என்பதைச் சொன்னால், வலை வழங்கி வேலை செய்யும் முறையே வாசகர்களுக்கு விளங்கிவிடும்.

மளிகைக் கடையும் வலை வழங்கியும்

மளிகைக் கடை ஒன்றுக்குப் போகிறோம். "ஒரு கிலோ துவரம் பருப்பு கொடுங்கள்" என்றால் கடைக்காரர் எடைபோட்டுக் கொடுக்கிறார். பொருளின் பெயரைச் சொன்னோம்; பொருள் வந்தது. இதில் குழப்பம் ஏதும் இல்லை.

ஆனால் பொருளின் பெயரைச் சொல்லாமல், "பருப்பு அலமாரி" என்று மட்டும் சொன்னால்? கடைக்காரர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். முன்பே அச்சடித்து வைத்திருக்கும் விலைப்பட்டியலை நீட்டலாம். அலமாரியைத் திரும்பிப் பார்த்து, அதில் உள்ளவற்றை ஒன்றுவிடாமல் படித்துக் காட்டலாம். அப்படிப் படிக்கும்போது அங்கே செருகி வைத்திருக்கும் கடன் நோட்டையும் சேர்த்துப் படித்துவிடக் கூடும்! அல்லது, "அதெல்லாம் சொல்வதற்கில்லை" என்று மறுத்துவிடலாம்.

சர்வர் என்று எல்லோரும் சொல்லும் வலை வழங்கியும் இதே மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறது. எதைச் செய்யவேண்டும் என்று தீர்மானிப்பவர் அதை அமைப்பவரே.

முகவரி எங்கே போய்ச் சேருகிறது?

'துறைத்தளம்/ஆய்வகம்/ஊசல்.பிடிஎஃப்' என்பது ஒரு முகவரி என்று வைத்துக்கொள்வோம். இதில் முதற்பகுதி வழங்கியின் பெயர். அதைக்கொண்டு நம் உலாவி, அதாவது பிரவுசர், உரிய கணிப்பொறியைக் கண்டுபிடித்து இணைப்பு ஏற்படுத்துகிறது. மீதமுள்ள '/ஆய்வகம்/ஊசல்.பிடிஎஃப்' என்ற பகுதியைக் கேள்வியாக அனுப்புகிறது.

வழங்கியின் வட்டில் ஒரு குறிப்பிட்ட கோப்புறை, அதாவது ஃபோல்டர், தளத்தின் வேராகக் குறித்து வைக்கப்பட்டிருக்கும். பல லினக்ஸ் கணிப்பொறிகளில் அது '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல்' என்பதாக இருக்கும். வழங்கி, வந்த கேள்வியை இந்த வேருடன் ஒட்டிப் பார்க்கிறது. வேர், அதற்குள் 'ஆய்வகம்', அதற்குள் 'ஊசல்.பிடிஎஃப்' என்று கிடைத்தால், கோப்பை எடுத்து 200 என்னும் குறியெண்ணுடன் அனுப்புகிறது. 'சரி' என்பது அந்த எண்ணின் பொருள். அப்படியொரு கோப்பே இல்லையென்றால் 404 என்னும் எண் வரும். இந்த எண்ணை நம்மில் பார்க்காதவர் இருக்க முடியாது.

இப்போது கடைசிச் சொல்லை அழித்துவிட்டு '/ஆய்வகம்/' என்று மட்டும் கேட்கிறோம். வழங்கி தேடுகிறது. கிடைப்பது கோப்பு அன்று, கோப்புறை. கோப்புறையை அப்படியே கம்பி வழியே அனுப்ப இயலாது. ஆகவே வழங்கி, மேலே சொன்ன மூன்று விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

முதலில், அந்தக் கோப்புறைக்குள் 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதையே அனுப்பிவிடுகிறது. இதுவே அச்சிட்ட விலைப்பட்டியல். நாம் ஒரு தளத்தின் பெயரை மட்டும் தட்டினால் அழகான முகப்புப் பக்கம் வருவது இந்த வழியில்தான்.

அந்தக் கோப்பு இல்லை. ஆனால் பட்டியல் காட்ட அனுமதி இருக்கிறது. அப்போது வழங்கி கோப்புறையைத் திறந்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு பெயரையும் படித்து, ஒவ்வொன்றின் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் இயங்குதளத்திடம் கேட்டு, அந்தக் கணமே ஒரு பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது. இப்பக்கம் வட்டில் எங்கும் எழுதி வைக்கப்பட்டதன்று. கேட்டபோது பிறந்து, அனுப்பியதும் மறைவது. இதற்குத்தான் கோப்புறைப் பட்டியல் என்று பெயர்.

முகப்புக் கோப்பும் இல்லை, அனுமதியும் இல்லை என்றால் 403 என்னும் எண் வரும். 'உள்ளே விட இயலாது' என்பது அதன் பொருள்.

ஒரே எழுத்தின் விளையாட்டு

இனி என் தவறுக்கு வருவோம். எங்கள் தளம் முன்பு விண்டோஸ் கணிப்பொறி ஒன்றில் இருந்தது. அது பழையதாகிவிட்டதால், எல்லாவற்றையும் லினக்ஸ் கணிப்பொறி ஒன்றுக்கு நான் மாற்றினேன். ஆய்வகக் கோப்புறைக்குள் முகப்புக் கோப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் 'இண்டெக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை, அதை எழுதியவர் பெரிய எழுத்தாகத் தட்டியிருந்தார். எழுதியவரும் நான்தான்!

விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமையைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். பழைய இடத்தில் பல ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கப்பட்ட அதே கோப்பு, புதிய இடத்தில் வழங்கியின் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. முகப்பு இல்லை என்று முடிவு செய்த வழங்கி, அடுத்த படிக்குச் சென்று பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டது.

மதிப்பெண் கோப்பு அங்கே எப்படி வந்தது? முகப்புப் பக்கத்தில் இணைப்புக் கொடுக்காத வரை யாரும் பார்க்க முடியாது என்று எண்ணி, இரண்டு நாள்களுக்கு மட்டும் என்று நான் அங்கே வைத்த கோப்பு அது. எடுக்க மறந்துவிட்டேன்.

பட்டியல் என்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவு ஆபத்தான பழக்கத்தை வழங்கிகளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். உண்மையில் அது நல்ல நோக்கத்துடன் பிறந்த பழக்கமே.

வலை தோன்றுவதற்கு முன்பே, இணையத்தில் எஃப்.டி.பி. என்னும் முறை இருந்தது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் நிரல்களையும் ஆவணங்களையும் கோப்புறைகளில் வைத்து, யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமலே வந்து எடுத்துக் கொள்ளலாம் என்று திறந்து விட்டிருந்தன. வருபவர் முதலில் பட்டியலைக் கேட்பார். பிறகு வேண்டியதை எடுப்பார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் 1990 இல் உருவாக்கிய 'ஆர்ச்சி' என்னும் நிரல், இத்தகைய பட்டியல்களைத் திரட்டி, எந்தக் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று தேடித்தந்தது. இன்றைய தேடுபொறிகளுக்கு அதுவே முன்னோடி. பட்டியல்கள் திறந்திராவிட்டால் ஆர்ச்சி பிறந்திருக்க முடியாது.

வலை, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989 இல் அதற்கான திட்டத்தை எழுதினார்; 1990 இன் இறுதியில் முதல் வலை வழங்கி இயங்கியது. பல நாட்டு இயற்பியலாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்து கொள்ளவேண்டும் என்பதே தேவை. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு! பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கும் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி நிரல் பரவியது. அதன் மேல் பலர் சேர்ந்து திருத்தங்கள் செய்து, 1995 இல் வெளியிட்டதே அப்பாச்சி. இன்றும் மிகப் பரவலாகப் பயன்படும் வழங்கி நிரல்களுள் அது ஒன்று.

பகிர்தலே நோக்கமாக இருந்த உலகில், முகப்புப் பக்கம் எழுத நேரமில்லாதவருக்கு வழங்கியே பட்டியல் தயாரித்துக் கொடுத்தது பேருதவி. பிறகு அதே கணிப்பொறிகளில் வங்கிக் கணக்கும், மருத்துவ அறிக்கையும், மதிப்பெண் பட்டியலும் வந்து சேர்ந்தன. பழைய வழக்கம் மட்டும் மாறாமல் நின்றது.

அப்பாச்சியில் அமைக்கும் முறை

அப்பாச்சிக்கு நாம் இடும் கட்டளைகள் அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதப்படுகின்றன. அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டவேண்டும். இங்கே ஒலியைத் தமிழில் தருகிறேன்.

'டைரக்டரிஇண்டெக்ஸ்' என்னும் கட்டளை, முகப்புக் கோப்புக்கு எந்தெந்தப் பெயர்கள் பொருந்தும் என்று சொல்கிறது. பல பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம்; முதலில் கிடைப்பது அனுப்பப்படும்.

'ஆப்ஷன்ஸ்' என்னும் கட்டளை, ஒரு கோப்புறைக்கு என்னென்ன வசதிகள் உண்டு என்று சொல்கிறது. அவ்வசதிகளுள் ஒன்று 'இண்டெக்ஸஸ்'. அது இருந்தால் பட்டியல் வரும். இல்லாவிட்டால் 403 வரும். முழு இரகசியமும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

அப்பாச்சியின் 2.4 பதிப்பில், நாம் எதுவுமே எழுதாவிட்டால் 'இண்டெக்ஸஸ்' இருக்காது. அப்படியானால் எங்கள் தளத்தில் பட்டியல் எப்படி வந்தது? டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் அப்பாச்சியை நிறுவும்போது, ஆயத்த அமைப்புக் கோப்பு ஒன்றையும் உடன் வைக்கின்றன. அதில் தளத்தின் கோப்புறைக்கு 'ஆப்ஷன்ஸ் இண்டெக்ஸஸ் ஃபாலோசிம்லிங்க்ஸ்' என்று எழுதியே இருக்கிறது. நிரலின் இயல்பு வேறு, அதனுடன் வரும் ஆயத்தக் கோப்பின் இயல்பு வேறு. நூலில் படித்ததை நம்பி, எதிரே இருக்கும் கோப்பைப் பார்க்காமல் இருந்தேன்.

பட்டியலை நிறுத்த, 'ஆப்ஷன்ஸ் -இண்டெக்ஸஸ்' என்று ஒரே ஒரு வரி போதும். இங்கே கழித்தல் குறிக்கு வேலை உண்டு. குறி இல்லாமல் 'ஆப்ஷன்ஸ்' எழுதினால், மேல்நிலைக் கோப்புறைக்குத் தந்த வசதிகள் அனைத்தையும் அது துடைத்துவிட்டு, புதிய பட்டியலை வைக்கும். கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் எழுதினால், மேலிருந்து வரும் வசதிகளை ஏற்றுக்கொண்டு, சொன்னதை மட்டும் சேர்க்கும் அல்லது நீக்கும். ஒரே வரியில் சிலவற்றைக் குறியுடனும் சிலவற்றைக் குறியின்றியும் எழுதினால், 2.4 பதிப்பு அதைப் பிழையென்று சொல்லித் தொடங்கவே மறுத்துவிடும்.

நான் முதலில் சறுக்கியது வேறோர் இடத்தில். தனித்தனிக் கோப்புறைக்குள் 'ஹெச்டிஆக்ஸஸ்' என்னும் சிறு கோப்பு ஒன்றை வைத்து, அதிலும் கட்டளை எழுதலாம். அதன் பெயர் ஒரு புள்ளியுடன் தொடங்கும். நான் அவசரத்தில் அப்படித்தான் செய்தேன். பட்டியல் மறையவில்லை. காரணம், தலைமை அமைப்புக் கோப்பில் 'அலவ்ஓவர்ரைட் நன்' என்று இருந்தது. 'கோப்புறைகளில் தனியே எழுதி வைத்திருப்பதைப் படிக்காதே' என்பது அதன் பொருள். வழங்கி என் கட்டளையை மீறவில்லை. அதைப் படிக்கவே இல்லை.

பிறகு தலைமைக் கோப்பிலேயே வரியைத் திருத்தினேன். திருத்தியபின் செய்யவேண்டியவை மூன்று. 'அப்பாச்சிகண்ட்ரோல் கான்ஃபிக்டெஸ்ட்' என்ற ஆணையால் எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்தல். வழங்கியை அமைப்புக் கோப்பை மறுபடியும் படிக்கச் செய்தல். உலாவியில் அந்த முகவரியைத் தட்டி 403 வருகிறதா என்று உறுதி செய்தல். மூன்றாவதை விட்டுவிட்டால் முதலிரண்டும் வீண்.

மற்ற வழங்கிகள்

இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட 'எஞ்சின்எக்ஸ்' என்னும் வழங்கியில் நிலைமை நேர்மாறு. அதில் பட்டியல் காட்டும் வசதி, நாம் கேட்டாலொழிய வராது. வேண்டுமானால், குறிப்பிட்ட பாதைக்குரிய பகுதிக்குள் 'ஆட்டோஇண்டெக்ஸ் ஆன்' என்று எழுதவேண்டும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டியலில் காட்டும் நேரம், நாம் மாற்றாத வரை, உலகப் பொது நேரம். நம் நாட்டில் காலை 10 மணிக்கு ஏற்றிய கோப்புக்கு, விடியற்காலை 4.30 என்று காட்டும். 'ஆட்டோஇண்டெக்ஸ்_லோக்கல்டைம் ஆன்' என்று எழுதினால் வழங்கியின் உள்ளூர் நேரம் வரும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஐ.ஐ.எஸ். வழங்கியிலும் 'டைரக்டரி பிரவுசிங்' என்ற பெயரில் இவ்வசதி இருக்கிறது. அதுவும் வழக்கமாக மூடியே இருக்கும்.

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

திருத்தம் முடிந்த நிறைவுடன் மறுநாள் அந்த மாணவனை அழைத்து, "இப்போது பார்" என்றேன். அவன் பார்த்தான். 403 வந்தது. சிறிது யோசித்துவிட்டு, முந்தைய நாள் பார்த்த மதிப்பெண் கோப்பின் முழு முகவரியை நினைவிலிருந்து தட்டினான். கோப்பு அப்படியே வந்து திறந்தது!

"பட்டியல் போய்விட்டது சார். கோப்பு போகவில்லையே" என்றான்.

இதுதான் இக்கட்டுரையின் உயிரான செய்தி. பட்டியலைக் காட்டும் உரிமையும், கோப்பைக் கொடுக்கும் உரிமையும் வெவ்வேறு. கடைக்காரர் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் 'கடன் நோட்டைக் கொடுங்கள்' என்று பெயர் சொல்லிக் கேட்பவருக்கு இன்னும் எடுத்துக் கொடுத்துக் கொண்டிருக்கிறார்.

யூனிக்ஸ் இயங்குதளத்தை வடிவமைத்தவர்கள் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். அதில் ஒரு கோப்புறைக்குப் 'படிக்கும் உரிமை' என்று ஒன்று உண்டு. உள்ளிருக்கும் பெயர்களைப் பார்க்க அது வேண்டும். 'கடந்து செல்லும் உரிமை' என்று மற்றொன்று உண்டு. பெயர் தெரிந்த கோப்பை அடைய அது வேண்டும். இரண்டாவதை மட்டும் கொடுத்தால், பட்டியலைப் பார்க்க முடியாது. பெயர் தெரிந்தால் கோப்பைப் பெறலாம்.

இந்த வேறுபாட்டை மறந்து செய்யப்படும் அரைகுறை வைத்தியங்கள் பல. வெறுமையான முகப்புக் கோப்பு ஒன்றைக் கோப்புறையில் வைப்பது ஒன்று. பட்டியல் மறையும், கோப்புகள் அப்படியே கிடைக்கும். அப்பாச்சியின் 'இண்டெக்ஸ்இக்னோர்' கட்டளை மற்றொன்று. சில பெயர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடும், ஆனால் கேட்டால் கொடுக்கும். மூன்றாவது, 'ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி' என்னும் கோப்பு. தேடுபொறிகளின் தானியங்கிகளைப் பார்த்து, 'இந்தப் பாதைக்கு வராதீர்கள்' என்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் 1994 இல் தோன்றியது. அது வேண்டுகோள் மட்டுமே. மேலும் அந்தக் கோப்பை யாரும் படிக்கலாம். இரகசியக் கோப்புறையின் பெயரை அதில் எழுதுவது, 'பணப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, யாரும் எடுக்க வேண்டாம்' என்று வாசலில் பலகை மாட்டுவதற்குச் சமம்.

பெயரை ஊகித்தல் அப்படியொன்றும் கடினமன்று. ஊசல்-1, ஊசல்-2 என்று இருந்தால் அடுத்தது ஊசல்-3 தானே? நிரலைத் திருத்தும்போது சில எழுதுகருவிகள், பழைய பதிப்பைப் பெயரின் கடைசியில் ஓர் அலைக்குறி சேர்த்து விட்டுச் செல்கின்றன. பிஎச்பி மொழியில் எழுதிய நிரலை வழங்கி இயக்கி விடையை மட்டும் அனுப்பும். ஆனால் பெயர் மாறிய பழைய பதிப்பை அது நிரலென்று அறியாது. எழுத்து எழுத்தாக, தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட, அப்படியே அனுப்பிவிடும்.

ஆகவே உண்மையான மருந்து இரண்டே. வெளியாருக்கு உரியதல்லாத கோப்பைத் தளத்தின் வேர்க் கோப்புறைக்கு உள்ளே வைக்காமல், வட்டில் வேறிடத்தில் வைக்கவேண்டும். வேருக்கு வெளியே இருப்பதை எந்த முகவரியாலும் சுட்ட இயலாது. அதற்கு வாசல் திறந்துவிடும் இணைப்பு எதையும் நாமே உள்ளே வைக்காதிருந்தால் போதும். சிலருக்கு மட்டும் தரவேண்டியிருந்தால், கடவுச்சொல் கேட்கும்படியோ, 'ரிக்கொயர் ஆல் டினைட்' என்று அடியோடு மறுக்கும்படியோ கோப்புறையைப் பூட்டவேண்டும்.

நான் மதிப்பெண் கோப்பை அன்றே அப்புறப்படுத்தினேன். பிறகு வழங்கியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எந்தக் கணிப்பொறி, எந்த நேரத்தில், எந்தக் கோப்பைக் கேட்டது, என்ன எண் பதிலாகச் சென்றது என்பது அதில் வரிவரியாக இருக்கும். அந்தக் கோப்பு நான்கு முறை எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு, அந்த மாணவனுடையவை. ஒன்று, தேடுபொறி ஒன்றின் தானியங்கி. நான்காவது யாரென்று தெரியவில்லை. தேடுபொறியிடம் அதன் பிரதியை நீக்கக் கோரி விண்ணப்பித்தேன். துறைத்தலைவரிடம் நடந்ததைச் சொல்லி, பட்டியலில் இருந்த மாணவர்கள் அனைவருக்கும் செய்தியைத் தெரிவித்தோம். அந்த நான்காவது வரியை நான் இன்னும் மறக்கவில்லை.

பட்டியல் நல்லதும் கூட

அப்படியானால் எல்லாப் பட்டியல்களையும் மூடிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. லினக்ஸ் கருநிரலின் களஞ்சியத்தையும், டெபியன் தொகுப்பின் உலகளாவிய பிரதித் தளங்களையும் பாருங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள், பட்டியல் வடிவிலேயே திறந்து கிடக்கின்றன. எல்லோருக்கும் உரியவற்றை எல்லோரும் தேடி எடுக்க இதைவிட எளிய வழி இல்லை. புதிய கோப்பை வைத்தால் போதும். பக்கத்தை யாரும் திருத்தி எழுதவேண்டியதில்லை.

எங்கள் கையேட்டுக் கோப்புறைக்கு மட்டும் பட்டியலை மீண்டும் திறந்திருக்கிறேன். இம்முறை தெரிந்தே செய்தது. அதை அழகுபடுத்தவும் வழிகள் உண்டு. 'ஃபேன்சிஇண்டெக்ஸிங்' என்று சேர்த்தால் பெயர், நேரம், அளவு, விளக்கம் என்ற நான்கு நிரல்கள் வரும். 'ஹெட்டர்நேம்', 'ரீட்மிநேம்' என்னும் கட்டளைகளால் பட்டியலுக்கு மேலும் கீழும் நம் குறிப்பைச் சேர்க்கலாம். நிரலின் தலைப்பைத் தொட்டால் அதன்படி வரிசை மாறும். நான்கு நிரல், ஏறுவரிசை இறங்குவரிசை என இரண்டு. ஆக ஒரே பட்டியலுக்கு எட்டு முகவரிகள். தேடுபொறித் தானியங்கிகள் எட்டையும் வந்து கேட்டு வழங்கிக்கு வீண்வேலை வைக்கக்கூடும். 'சப்ரெஸ்காலம்சார்ட்டிங்' என்று எழுதினால் அது நிற்கும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் அப்பாச்சி, நாம் சொல்லாவிட்டால், பட்டியலை மேலை ஐரோப்பிய எழுத்துக் குறிமுறையில் இருப்பதாக அறிவிக்கக்கூடும், தமிழ் சிதைந்துவிடும். 'இண்டெக்ஸ்ஆப்ஷன்ஸ் சார்செட்=யுடிஎஃப்-8' என்று எழுதினால் சரியாகும். அடுத்தது, பெயருக்கு ஒதுக்கிய இடம். வழக்கமான அகலம் 23 பைட். அதை மீறினால் முதல் 20 பைட்டை மட்டும் காட்டி, இரண்டு புள்ளியிட்டு வெட்டிவிடும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. 20 ஐ 3 ஆல் வகுத்தால் ஆறு குறிகளும், ஏழாவதன் உடைந்த துண்டும் மிஞ்சும். 'மா' என்பதற்கே ம ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகள் வேண்டும் என்பதை நினைத்தால், நம் கோப்புப் பெயர்களின் கதி விளங்கும். 'நேம்விட்த்=*' என்று எழுதினால் பெயர் முழுமையாகத் தெரியும். சில லினக்ஸ் தொகுப்புகளில் இவ்விரண்டையும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். திறந்து பார்த்துக் கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

பைத்தான் மொழி நிறுவிய கணிப்பொறி இருந்தால் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 'சோதனை' என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, அதில் இரண்டு மூன்று கோப்புகளைப் போடுங்கள். ஆணைத்திரையில் அந்தக் கோப்புறைக்குச் சென்று, ஆங்கில எழுத்துகளில் 'பைத்தான் -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000 --பைண்ட் 127.0.0.1' என்று தட்டுங்கள். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். உங்கள் கணிப்பொறிக்குள்ளிருந்து மட்டுமே பார்க்கும்படி அதுதான் கட்டுப்படுத்துகிறது.

பிறகு உலாவியில் '127.0.0.1:8000' என்ற முகவரியைத் திறந்தால் பட்டியல் வரும். அடுத்து, 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற பெயரில், எல்லாம் சிறிய எழுத்தில், ஒரு கோப்பை அங்கே வைத்து மீண்டும் திறவுங்கள். பட்டியல் மறைந்து உங்கள் பக்கம் வரும். இப்போது பழைய கோப்பு ஒன்றின் பெயரை முகவரியுடன் சேர்த்துத் தட்டுங்கள். அது இன்னும் வருகிறதல்லவா? மறைப்பது வேறு, பூட்டுவது வேறு என்பதை உங்கள் கண்ணாலேயே கண்டுவிட்டீர்கள்.

எங்கள் துறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர் இருவர், தளத்தின் முகவரிகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே வந்து, என்ன வருகிறது என்று ஒரு தாளில் குறித்துத் தருவார்கள். முதல் முறை அந்தத் தாளைக் கொண்டுவந்தவன், அன்று தயங்கித் தயங்கி வந்து நின்ற அதே மாணவன். இம்முறை அவன் தயங்கவில்லை.